கணனியைத் துடைப்பதற்கு முன்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு, துக்பாப் பகுதியில் வாழும் அன்பர் ஒருவர் தமது மடிக்கணனியைத் துணிப்பையொன்றில் இட்டு எம்மிடம் கொண்டு வந்தார். அல் கோபார் நகரோடு ஒட்டிய அப்பகுதியில் வாகனத் திருத்தகங்களும் தொழிலாளர் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கும். எம்மவர் சிலரும் அங்கே அறையெடுத்து வாழ்கின்றனர். வந்தவர் தேநீரையும் மறுத்துவிட்டு, "அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ. ஐயா எழுதுவிச்ச காணிக் கணக்கு முழுக்கப் பழுதாப் போச்சுது" என்றார்.

திரையில் கண்டது உண்மையிலேயே கலவரப்படுத்தும் காட்சிதான். ஆங்கிலச் சிற்றெழுத்துகள், நடுவில் பேரெழுத்துகள், சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளிகள், ஆங்காங்கே அடைப்புக்குறிகள். ஆறு பக்கங்களிலும் வாசிக்கத்தக்கவையாக எஞ்சியிருந்தவை இலக்கங்கள் மட்டுமே.

அந்த ஆறு பக்கங்களின் கதையைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. அன்பரின் குடும்பம் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தது. 1990 இல் கட்டிய துணியோடு வெளியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களுள் ஒன்று. காணி உறுதிகள் வீட்டோடு போயின. பின்னர் 2001 ஆம் ஆண்டில் ஜேர்மனியிலுள்ள மூத்த மகளிடம் சென்றிருந்த தந்தையார், கையில் எஞ்சியிருந்த மங்கிய நிழற்பிரதிகளையும் தம் நினைவையும் துணையாகக் கொண்டு ஒவ்வொரு துண்டுக் காணியின் விபரத்தையும் சொல்லச் சொல்ல, மகள் கணனியில் தட்டச்சிட்டார். உறுதி இலக்கம், முடித்த நொத்தாரிசின் பெயர், காணியின் பெயர், எத்தனை பரப்பு எத்தனை குழி, நான்கு திக்கு எல்லைகள், கிணற்றில் உள்ள பங்கு, வழிவாய்க்கால் உரிமை என அனைத்தும் அதில் இருந்தன. தந்தையார் இன்று இல்லை. நிழற்பிரதிகள் வீடு மாறியபோது தொலைந்தன. மகளின் பழைய கணனி எப்போதோ குப்பைக்குச் சென்றுவிட்டது. தம்பிக்கு அனுப்பிய பிரதி ஒன்றே எஞ்சியது; அதுவே அன்றிரவு எம் முன்னே ஆங்கிலக் குப்பையாகக் கிடந்தது.

2009 இல் போர் முடிந்த பின், வலிகாமம் வடக்கில் படையினர் வசமிருந்த காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டதை வாசகர்கள் அறிவர். விடுவிக்கப்பட்ட காணிக்கு உரிமை கோருபவர் உறுதியைக் காட்ட வேண்டும்; உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் தேடிப் பிரதி எடுக்க வேண்டும். தேடுவதற்கு இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் கையில் இருந்தால் வேலை எளிது. அவை இல்லாமல் தேடப் புகுவது கடற்கரையில் விழுந்த மூக்குத்தியைத் தேடுவது போன்றது. அன்பருக்குத் தேநீர் இறங்காததன் காரணம் இதுவே.

நடந்தது என்ன? அவருடைய கணனி விண்டோஸ் 10 இல் இயங்கியது. 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியுடன் அந்த இயங்குதளத்திற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் நிறுத்திக்கொண்டது. மேலும் ஓராண்டுக்குத் திருத்தங்களைப் பெற்றுக்கொள்ளும் வழியொன்றை அந்நிறுவனமே வைத்திருந்தும், அன்பருக்கு அதை எடுத்துச் சொல்ல யாருமில்லை. திரையில் தோன்றிய எச்சரிக்கையைக் கண்டு அஞ்சிக் கடையொன்றிற் கொடுத்தார். கடையில் இருந்த இளைஞரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கின்றார்: "படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிட்டுத் துடைக்கட்டுமா?" அன்பரும் சம்மதித்தார். வன்தட்டு முற்றாகத் துடைக்கப்பட்டது. விண்டோஸ் 11 புதிதாக நிறுவப்பட்டது. படங்களும் ஆவணங்களும் ஒன்றும் குறையாமல் திரும்பி வந்தன. மேற்சொன்ன கோப்பைத் திறந்து பார்த்த அந்த இளைஞர், "இது வைரஸ் தின்ற கோப்பு, அழித்துவிடுங்கள்" என்று நல்லெண்ணத்தோடு அறிவுரையும் சொல்லியிருக்கின்றார். அன்பர் அழிக்காமல் விட்டது அவர் குலதெய்வத்தின் செயல்.

கோப்பில் ஒரு பழுதும் இருக்கவில்லை. மேலே எழுத்துருவின் பெயர் காட்டும் சிறு பெட்டியைப் பார்த்தோம். "பாமினி" என்று இருந்தது. எழுத்துரு கணனியில் இல்லாவிடினும், எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பதை வேர்ட் கோப்பு மறப்பதில்லை. எம்மிடம் பழைய பென் டிரைவ் ஒன்றில் பாமினி இருந்தது. அந்த எழுத்துருக் கோப்பை இருமுறை அழுத்தி நிறுவினோம். வேர்டை மூடித் திறந்தோம். "வடக்கு ஒழுங்கையும், கிழக்கு..." எனத் தந்தையாரின் வாய்மொழி திரையில் வந்து நின்றது. அன்பர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தேநீர் கேட்டார்.

இது எவ்வாறு நேர்கின்றது என்பதை இளைய வாசகர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். தொண்ணூறுகளில் எமது பத்திரிகைகளும் சங்க மலர்களும் திருமண அழைப்பிதழ்களும் பெரும்பாலும் பாமினி போன்ற எழுத்துருக்களிலேயே உருவாயின. அவ்வெழுத்துருக்கள் கணனியை ஒருவகையில் ஏமாற்றின. கணனிக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்துகள் மட்டுமே. அந்த ஆங்கில எழுத்தின் வடிவத்தை அகற்றிவிட்டு அந்த இடத்தில் தமிழ் வடிவம் ஒன்றை வைத்தார்கள். பாமினியில் "தமிழ்" என்று அடித்தால் கோப்பில் உண்மையில் பதிவது ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி அணிவித்த சட்டையைக் கழற்றினால் உள்ளே இருப்பது வெளிப்படும். முரசு அஞ்சல் முதலிய வேறு செயலிகளுக்கும் அக்காலத்தில் வேறு வேறு குறியீட்டு முறைகள் இருந்தன. 1999 இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டில் தமிழ் 99 விசைப்பலகையும் டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும் பரிந்துரைக்கப்பட்டன. இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் வகுத்த திஸ்கி முறையும் அதே காலத்தது. இவை அனைத்தினின்றும் வேறுபட்டது யூனிகோட். அதில் தமிழ் எழுத்துக்கு உலகெங்கும் ஒரே தனி எண் உண்டு. 1991 இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் 2000 வந்தபோதுதான் மைக்ரோசொஃப்ட் இயங்குதளத்தில் அதை நேரடியாகப் பயன்படுத்த இயன்றது. இடைப்பட்ட காலத்தில் நாம் எழுதிக் குவித்தவை அனைத்தும், எழுத்துரு என்னும் சிறு கோப்பொன்றைச் சார்ந்தே இன்றும் உயிர் வாழ்கின்றன. அகதி வாழ்வின் முதல் இருபது ஆண்டுகளில் எழுதிய கடிதங்கள் இவ்வாறு சட்டைக்குள் இருக்கும் குடும்பங்கள் பல.

அன்பரின் கதை இன்னும் முடியவில்லை. காணிக் கணக்கு கிடைத்த மகிழ்ச்சியில் அவர் அடுத்து அவுட்லுக் செயலியைத் திறக்கச் சொன்னார். அது வெறுமையாக இருந்தது. அக்கா 2003 முதல் எழுதிய மின்னஞ்சல்களை அவர் பழைய முறையிலேயே கணனிக்கு இறக்கி வைத்திருந்தார். வழங்கியில் பிரதி ஏதும் விடப்படவில்லை. கணனியை மாற்றியபோதெல்லாம் யாரோ தெரிந்தவர் அந்த அஞ்சற் கோப்பையும் இடம்மாற்றித் தந்திருக்கின்றார். அது "ஆவணங்கள்" கோப்புறையில் இருக்கவில்லை. ஆப்டேட்டா என்னும் பெயருடைய, சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத கோப்புறைக்குள் இருந்தது. கடை இளைஞர் கண்ணுக்குத் தெரிந்தவற்றை எல்லாம் பிரதி எடுத்தார். தெரியாதவை போயின. வன்தட்டைத் துடைக்காமல் அதன்மீதே நிறுவியிருந்தால், பழைய இயங்குதளம் "விண்டோஸ் ஓல்ட்" என்ற கோப்புறையாகப் பத்து நாள்வரை ஒதுங்கி நின்றிருக்கும், அதிலிருந்து எடுத்திருக்கலாம். இங்கு அந்த வழியும் அடைபட்டிருந்தது. இறந்துபோன தாயாரின் கடைசி மாதங்களைப் பற்றி அக்கா எழுதியவை அம்மின்னஞ்சல்களில் இருந்தன. அவற்றை எம்மால் மீட்க முடியவில்லை.

ஆகவே இவ்வாரம் நாம் எழுதப் புகுந்தது, கோப்புகளைப் பிரதி எடுப்பது பற்றியதன்று. அதை இப்போது வீட்டிலுள்ள பத்து வயதுப் பிள்ளையும் செய்யும். கோப்புகளைச் சுற்றியுள்ளவை எவை, அவை எங்கே ஒளிந்திருக்கின்றன, துடைப்பதற்கு முன் அவற்றை எவ்வாறு எடுத்து வைப்பது என்பதே பொருள்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். நிறுவிய மென்பொருளை அதன் கோப்புறையோடு அப்படியே பிரதி எடுத்து வைத்தால், பின்னர் ஒட்டிக்கொள்ளலாம் என்று பலர் எண்ணுகின்றனர். ஒட்டினால் பெரும்பாலும் இயங்காது. நிறுவும்போது மென்பொருள் தன் உறுப்புகளைப் பல இடங்களிற் பரப்புகின்றது. விண்டோஸின் பதிவேட்டிலும் தன் விபரங்களை எழுதி வைக்கின்றது. கோப்புறையை மட்டும் தூக்கிச் செல்வது, மரத்தை வேரறுத்து எடுத்துச் சென்று நடுவதற்கு ஒப்பானது. எனவே காக்க வேண்டியது மூன்று: மென்பொருளை மீண்டும் நிறுவுவதற்கான மூலம், அதன் உரிமத் திறவுச்சொல், அதில் நாம் செய்து வைத்த அமைப்புகள். மூலம் என்பது இறுவட்டாகவோ இறக்கிய கோப்பாகவோ இருக்கலாம். பணம் கொடுத்து வாங்கிய பழைய ஒஃபிஸ் பதிப்புகளுக்கு இருபத்தைந்து எழுத்துத் திறவுச்சொல் உண்டு. பெட்டியின் உள்ளே ஒட்டப்பட்டிருக்கும் அச்சீட்டைக் கைபேசியாற் படம் பிடித்து வையுங்கள். விண்டோஸ் ஏற்கெனவே முறையாகச் செயற்படுத்தப்பட்ட அதே கணனியில் அதை மீள நிறுவும்போது பெரும்பாலும் திறவுச்சொல் கேட்பதில்லை.

என்னென்ன மென்பொருள் நிறுவப்பட்டிருந்தன என்பதே நினைவில் இருப்பதில்லை. நிறுவிய பின், மூன்று மாதம் கழித்து, வரி விபரம் நிரப்பும் நாளில்தான் "அந்தச் செயலி எங்கே?" என்ற கேள்வி எழும். அமைப்புகளில் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலைத் திறந்து, கீழே நகர்த்தி நகர்த்தித் திரைப்படம் எடுத்தாற் போதும். கட்டளைவரியிற் பழக்கமுள்ளவர்கள் விங்கெட் என்னும் கட்டளையின் ஏற்றுமதி வசதியால் பட்டியலைக் கோப்பாகவே பெற்றுக்கொள்ளலாம். புதிய நிறுவலில் அதைக் கொடுத்தால், அது அறிந்த மென்பொருள்களைத் தானே இறக்கி நிறுவும். அது அறியாதவை எம்மிடம் பல. எமது எழுத்துருக்களையும் விசைப்பலகைகளையும் தேடித் தர எந்தக் கட்டளையும் வராது. எமக்குத் திரைப்படமே போதுமானதாகத் தோன்றுகின்றது.

விண்டோஸிலேயே "இந்தக் கணனியை மீளமை" என்னும் வசதி உண்டு. அதில் "எனது கோப்புகளை வைத்திரு" என்று ஒரு தெரிவு காட்டும். சொற்களை நன்கு கவனிக்க வேண்டும். கோப்புகள்தாம் இருக்கும், நிறுவிய செயலிகளும் அமைப்புகளும் நீங்கிவிடும். நீக்கியவற்றின் பெயர்ப் பட்டியல் ஒன்றை மட்டும் மேசைத்திரையில் விட்டுச் செல்லும். வீடு இடிந்தபின் இருந்த பொருட்களின் விபரப் பட்டியலைக் கையில் தருவது போல.

எழுத்துருக்களுக்கு வருவோம். விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையைத் திறந்து, பாமினி முதலாக நீங்கள் பயன்படுத்திய ஒவ்வொரு தமிழ் எழுத்துருவையும் பிரதி எடுங்கள். எவை தேவைப்படும் என்று தெரியாதவர்கள் முழுக் கோப்புறையையும் எடுக்கலாம். பெரிய இடம் பிடிக்காது. இரண்டாவது, விசைப்பலகை. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர், முரசு அஞ்சல், கீமேன் ஆகியவற்றுள் எதனால் எழுதுகின்றீர்கள், அதில் எந்த விசைமுறை என்பதைக் குறித்து வையுங்கள். விண்டோஸ் இப்போது தமிழ் 99, அஞ்சல் விசைமுறைகளைத் தன்னுடனேயே கொண்டு வருகின்றது. முப்பது ஆண்டுகளாகப் பாமினி முறையிற் பழகிய விரல்களுக்கு அவை உதவா. எழுபது வயதுத் தகப்பனிடம் புதிய விசைமுறை பழகச் சொல்வதும், கடிதம் எழுதுவதை நிறுத்தச் சொல்வதும் ஒன்றே. பாமினி முறையில் அடித்தாலும் யூனிகோட்டில் பதிவாகும் வகையில் இ-கலப்பையில் அமைத்துக்கொள்ளலாம். அந்த அமைப்பைப் படம் பிடித்து வைத்தால் மீண்டும் அமைக்க இரண்டு நிமிடம் போதும்.

உலாவியிற் சேமித்த கடவுச்சொற்களிற் பலர் ஏமாறுகின்றனர். குரோமின் கோப்புறையைப் பிரதி எடுத்து ஒட்டினால் புத்தகக்குறிகள் வரும், கடவுச்சொற்கள் வாரா. அவை பழைய விண்டோஸ் நுழைவோடு பிணைத்துப் பூட்டப்பட்டவை; அந்த விண்டோஸ் அழிந்தபின் பூட்டைத் திறக்கச் சாவி இல்லை. துடைப்பதற்கு முன்னரே கூகுள் கணக்குடன் ஒத்திசைத்திருக்க வேண்டும், அல்லது உலாவியின் ஏற்றுமதி வசதியாற் கோப்பாக எடுக்க வேண்டும். அவ்வாறு எடுத்த கோப்பிற் கடவுச்சொற்கள் வெளிப்படையாகத் தெரியும் என்பதால், வேலை முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும். ஃபயர்பொக்ஸ் பயன்படுத்துவோர் அதன் தன்விபரக் கோப்புறையை முழுமையாக எடுத்து வைத்தால் கடவுச்சொற்களும் சேர்ந்தே வரும். தண்டர்பேர்ட் அஞ்சற் செயலிக்கும் அவ்வாறே. அவுட்லுக் வைத்திருப்போர், அஞ்சற் கோப்பு எங்கே உள்ளது என்பதை அச்செயலியின் கணக்கு அமைப்பிலேயே பார்த்து எடுத்துக்கொள்ளலாம். எம் அன்பருக்கு இதை யாரும் முன்னரே சொல்லியிருக்கவில்லை.

வன்தட்டே பூட்டப்பட்டிருக்கவும் கூடும். பிட்லொக்கர் என்னும் பூட்டுமுறையைப் புதிய கணனிகளிற் பல தாமாகவே இயக்கிவிடுகின்றன. அதற்கு 48 இலக்க மீட்பு எண் ஒன்று உண்டு. கணனியின் அடிப்படை அமைப்புகளில் கைவைத்தால், அல்லது வன்தட்டைக் கழற்றி வேறு கணனியில் இணைத்தால், அந்த எண்ணைக் கேட்கும். இல்லையேல் உள்ளே உள்ளது எவருக்கும் கிடையாது. மைக்ரோசொஃப்ட் கணக்கில் அந்த எண் பதிவாகியிருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லும் பூட்டிய கணனிக்குள்ளேயே இருந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. கொப்பியில் எழுதுங்கள்.

சிறு விடயம், ஆனால் பலரை அரை நாள் அலைக்கழிப்பது: புதிதாக நிறுவிய கணனிக்குச் சில வேளைகளில் வைஃபை இணைப்புக் கருவியை அடையாளம் தெரியாது. அதற்கான இயக்கியை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையத்திற்குச் செல்ல அந்த இயக்கி வேண்டும். முன்னரே பென் டிரைவில் இறக்கி வையுங்கள். பழைய அச்சுப்பொறி, வருடி ஆகியவற்றின் இயக்கிகளையும் சேர்த்தே.

அல் கோபாரில் இருந்துகொண்டு இவ்விடயத்தை எழுதும்போது, பக்கத்து ஊரான தஹ்ரானில் நடந்ததை நினையாமல் இருக்க முடியாது. 2012 ஓகஸ்ட் 15 ஆம் திகதி, ரமழான் மாதத்தின் இறுதி நாட்களில், பெரும்பாலான ஊழியர்கள் விடுமுறையில் இருந்த வேளை, ஷமூன் என்று பின்னர் பெயரிடப்பட்ட கெடுநிரல் சவூதி அராம்கோவின் அலுவலகக் கணனிகளுக்குள் பரவியது. அது பணம் கேட்கவில்லை. கோப்புகளின் மீது எரியும் அமெரிக்கக் கொடியின் படத் துணுக்கை எழுதி அழித்தது. இறுதியில் கணனி தொடங்குவதற்கு வேண்டிய பகுதியையும் அழித்துவிட்டுப் போயிற்று. சுமார் 30,000 கணனிகள் பாதிக்கப்பட்டதாக அந்நிறுவனமே அறிவித்தது. முதன்மையான உள்வலைச் சேவைகள் மீண்டுவிட்டதாக அது அறிவிக்க ஓகஸ்ட் 26 ஆயிற்று. அதே மாத இறுதியில் கட்டாரின் ரஸ்காஸ் நிறுவனத்தின் அலுவலகக் கணனிகளும் கெடுநிரலொன்றால் முடங்கின. எண்ணெய் எடுக்கும் பணி ஒரு நாளும் தடைப்படவில்லை. அதற்கான கணனி வலை அலுவலக வலையிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்தது.

அத்தனை பெரிய நிறுவனத்தோடு எமது ஒற்றை மடிக்கணனியை ஒப்பிடுவது மிகை என்று சிலர் நகைக்கலாம். எனினும் பிரித்து வைத்தது பிழைத்தது என்ற ஒரு செய்தி எமக்கும் பொருந்தும். கணனியோடு எந்நேரமும் செருகியே கிடக்கும் புறவன்தட்டு, கணனிக்கு நேர்வது தனக்கும் நேர இடம் கொடுக்கின்றது. நிறுவும்போது தவறான தட்டைத் தெரிவு செய்து, பிரதி எடுத்து வைத்த தட்டையே துடைத்தவர்களை நாம் அறிவோம். அவர்களுள் ஒருவர் இப்பத்தியை எழுதுபவர். 2007 இல் அது நடந்தது. அன்று முதல், நிறுவல் தொடங்குமுன் ஏனைய தட்டுகள் அனைத்தையும் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டே விசையில் கைவைக்கின்றோம்.

பிரதி எடுத்ததும் அதை வேறொரு கணனியில் திறந்து பாருங்கள். உங்கள் கணனியிற் பார்த்தாற் போதாது. அங்கே எழுத்துருவும் செயலியும் ஏற்கெனவே இருப்பதால் எல்லாம் நன்றாகவே தெரியும். அயல் வீட்டுக் கணனியில் தெரிகின்றதா என்பதே சோதனை. இந்தச் சோதனையைச் செய்திருந்தால், அன்பரின் காணிக் கணக்கு கடைக்குப் போவதற்கு முன்னரே தன் சட்டையில்லாக் கோலத்தைக் காட்டியிருக்கும்.

எமது குடும்பங்களுக்கே உரிய இன்னொரு சிக்கல், கைபேசி எண். வங்கியும் மின்னஞ்சலும் நுழையும்போது குறுஞ்செய்தியில் ஓர் எண்ணை அனுப்பிச் சரிபார்க்கின்றன. புதிதாக நிறுவிய கணனி அவற்றுக்கு அந்நியக் கணனி; ஆகவே நிச்சயமாகக் கேட்கும். இங்கே எமது கைபேசி எண் இக்காமாவின் பேரிற் பதியப்படுகின்றது. இறுதி வெளியேற்றம் பெற்று நாடு திரும்பியவரிடம் அந்த எண் இராது. இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கும், ஓர் ஐரோப்பிய நாட்டிலிருந்து இன்னொன்றுக்கும் இடம்பெயர்ந்தவர்களின் நிலையும் அதுவே. கணக்கு இன்னும் பழைய நாட்டின் எண்ணோடு பிணைந்திருக்கும். கணனியைத் துடைப்பதற்கு முன், இன்னும் நுழைந்த நிலையில் இருக்கும்போதே, அந்த எண்ணை மாற்றுங்கள். கூகுள் முதலிய கணக்குகள் ஒருமுறை மட்டும் பயன்படும் மீட்பு எண்களையும் தருகின்றன; அவற்றை அச்சிட்டுக் கடவுச்சீட்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்.

கடையிற் கொடுப்பது பற்றியும் ஒன்று. அகதிக் குடும்பத்தின் கணனியில் இருப்பவை சாதாரண ஆவணங்கள் அல்ல. புகலிடக் கோரிக்கைக்காக அளித்த வாக்குமூலம், மருத்துவச் சான்று, ஊரில் இன்னும் வாழும் உறவினரின் பெயர், முகவரி எல்லாம் இருக்கும். அந்நியர் ஒருவரின் மேசையில் அவை ஒரு நாள் முழுதும் திறந்து கிடப்பதை நாம் விரும்புவதில்லை. பிரதி எடுக்கும் வேலையை வீட்டிலேயே செய்து, பிரதி சரியாகத் திறக்கின்றது என்று கண்டபின் அந்தக் கோப்புறைகளைக் கணனியிலிருந்து நீக்கிவிட்டுக் கொடுப்பது நல்லது. நீக்கிய கோப்பையும் மீட்க வல்லவர்கள் உண்டு என்பது மெய்யே. ஆயினும் கதவைச் சாத்துவதும் திறந்து விடுவதும் ஒன்றாகா.

விண்டோஸ் 11 ஐ ஏற்காத பழைய கணனி வைத்திருப்பவர்கள், அதைக் குப்பையில் இடாமல் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்தலாம். தமிழ் யூனிகோட் அதில் நன்கு தெரியும். பாமினி எழுத்துருக் கோப்பையும் நிறுவிக்கொள்ளலாம். செயலிகளின் அமைப்புகள் பெரும்பாலும் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள், புள்ளியில் தொடங்கும் பெயர்களோடு மறைந்திருக்கும். மறைந்த கோப்புகளையும் சேர்த்து அக்கோப்புறையைப் பிரதி எடுத்தால் அவை கூடவே வந்துவிடும். இது பற்றித் தனியே எழுத வேண்டும்.

பழைய பாமினிக் கோப்புகளை எத்தனை காலத்துக்கு எழுத்துருவோடு சுமந்து திரிவது? ஒருமுறை யூனிகோட்டுக்கு மாற்றிவிடுவதே தீர்வு. எம்மவரான சுரதாவின் எழுத்துருமாற்றியும், சென்னையில் உருவான என்.எச்.எம். கன்வெர்ட்டரும் இதற்கு இலவசமாகவே பயன்படுகின்றன. ஆனால் மாற்றிய உடனே மூலத்தை அழித்துவிடாதீர்கள். பாமினியில் காற்புள்ளி விசையில் இருப்பது "இ". ஆகவே ஆங்கில எழுத்துருவிற் காற்புள்ளி இட்டிருந்த இடங்களில் எல்லாம், மாற்றியபின் "இ" வந்து நிற்கும். எம்மவர் இணையத்தளங்களில் "அண்ணன்இ தம்பிஇ தங்கை" என்று வாசித்து வியந்தவர்களுக்கு அதன் மூலம் இதுவே. கோப்பின் நடுவே ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களும் முகவரிகளும் பொருளற்ற தமிழெழுத்துகளாகிவிடும். கடிதமாயின் சிரித்துவிட்டுப் போகலாம். காணி எல்லையாயின் அவ்வாறு விட முடியாது.

அன்றிரவு நாமும் அன்பரும் ஆறு பக்கங்களையும் மாற்றி, மூலத்தை ஒரு பக்கமும் மாற்றியதை மறுபக்கமும் வைத்து வரி வரியாக ஒத்துப் பார்த்தோம். பதினான்கு இடங்களிற் காற்புள்ளி "இ" ஆகியிருந்தது. நொத்தாரிசு ஒருவரின் பெயர் ஆங்கிலத்தில் இருந்ததால் சிதைந்திருந்தது. மூலத்தில் எழுத்துருவை மாற்றிப் பார்த்து மீண்டும் எழுதினோம். முடித்தபோது சுபஹுத் தொழுகைக்கான அழைப்பு ஒலித்தது. பீடிஎஃப் ஆக மாற்றிய பிரதி ஒன்று ஜேர்மனியிலுள்ள அக்காவுக்கும், ஒன்று ரொறன்ரோவிலுள்ள மைத்துனருக்கும் சென்றது. இரண்டு பிரதிகள் தாளில் அச்சாயின.

மறுநாள் அக்கா தொலைபேசியில் அழைத்தார். மூன்றாம் துண்டுக் காணியில் கிணற்றுப் பங்கு மூன்றில் ஒன்று என்று இருக்கின்றது, அது நான்கில் ஒன்று என்றுதான் ஐயா சொன்னதாக நினைவு. 2001 இல் தாமே பிழையாக அடித்திருக்கலாம் என்றார். அன்பர் அந்த வரியின் அருகே பேனாவாற் கேள்விக்குறி இட்டு வைத்திருக்கின்றார். யாழ்ப்பாணத்துக் காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதி கிடைத்ததும் அது தெரிந்துவிடும்.

பாமினிக் கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றும் முறையைப் படிப்படியாக அடுத்த வாரம் எழுதுவோம்.